தலைப்புக்கு மேலே ஒரு பெயர்: பழைய மியூசிக்கல் மறுபடி மேடையேறும்போது டிக்கெட் விலை எப்படி முடிவாகிறது

2022 ஜூலை 11 அன்று நியூயார்க்கில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘ஃபன்னி கேர்ள்’ மியூசிக்கலில், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்தில், செப்டம்பர் 6 முதல் லியா மிஷேல் கதாநாயகியாக நடிப்பார் என்பதுதான் செய்தி. அந்த நாடகம் புதிதாக வரப்போவது அல்ல. ஆகஸ்ட் வில்சன் தியேட்டரில் ஏப்ரலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அதே பாட்டுகள், அதே செட், அதே வாத்தியக் குழு, அதே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் நாற்காலிகள். மாறப்போகிறவர்கள் ஓரிருவர், அதிலும் எல்லோரும் பேசியது ஒருவரைப் பற்றித்தான். ஜூலையில் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்த நாடகத்துக்கு, செப்டம்பர் தேதிகளின் டிக்கெட் பல நூறு டாலருக்கு ஏறிவிட்டது.

பழைய மியூசிக்கல் ஒன்று திரும்ப மேடைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும் ரசிகர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். யார் நடிக்கிறார்கள்? டிக்கெட் எவ்வளவு? இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் இப்போது இரண்டும் ஒன்றுதான். நடிகர் யார் என்று தெரிந்த நிமிடமே விலையும் ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று புரிந்துகொண்டால், எந்த நாடகத்துக்கு முந்தியடித்து வாங்க வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பதும் ஓரளவு புரியும்.

புது மியூசிக்கல் என்றால் தெரியாதது நிறைய இருக்கும். கதை எப்படி, பாட்டு மனதில் நிற்குமா, இரண்டாம் பாதி தொய்யுமா, எதுவும் தெரியாது. மறுமேடையேற்றத்தில் அந்த மர்மமே கிடையாது. 1959இல் வந்த ‘ஜிப்சி’யின் கடைசிப் பாட்டை, ரசிகர்கள் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு, மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்பதுவரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாகக் கிடைக்கப்போவது அந்தப் பாட்டை இந்தத் தடவை பாடப்போகும் தொண்டை மட்டும்தான். இயக்குநரும் புதியவர்தான், அவர் கைவண்ணம் நாடகத்தையே புரட்டிப் போடலாம். ஆனால் முன்பதிவு திறக்கும் நாளில் சுவரொட்டியில் கண்ணில் படுவது நடிகரின் பெயர்.

அந்தப் பெயர் சுவரொட்டியில் எந்த இடத்தில் அச்சாகிறது என்பதற்கே பணமதிப்பு உண்டு. பிராட்வேயில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் இது: நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் போடப்பட்ட நடிகர் அன்று வரவில்லை என்றால், டிக்கெட் வைத்திருப்பவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். தலைப்புக்குக் கீழே பெயர் உள்ளவர் வராவிட்டால், நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: இன்று இந்தப் பாத்திரத்தில் இன்னார். அவ்வளவுதான், காசு திரும்பாது. நீங்கள் வாங்கியது நாடகத்தையா, ஆளையா என்பதைத் தியேட்டரே இப்படி ஒப்புக்கொண்டு அச்சடித்துத் தருகிறது.

‘ஃபன்னி கேர்ள்’ கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இவ்வளவு சுத்தமான சோதனை மறுபடி கிடைப்பது அரிது. 1964 மார்ச்சில் அது முதலில் மேடையேறியபோது நாயகியாக நடித்த பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு 21 வயது. அந்தப் பாத்திரம் அவரோடு ஒட்டிப்போனது. 1,348 காட்சிகள் ஓடி 1967இல் முடிந்த பிறகு, ஏறக்குறைய 55 ஆண்டு இடைவெளி விழும்வரை பிராட்வேயில் யாரும் அதைத் தொடவில்லை. தொட முயன்றவர்கள் உண்டு. லாரன் ஆம்ப்ரோஸை நாயகியாக அறிவித்து 2012இல் கொண்டுவரப் பார்த்தார்கள். முதலீட்டாளர்கள் சிலர் விலகியதால் 2011 நவம்பரிலேயே அது நின்றுபோனது. ரசிகர் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, பணம் போடுகிறவர் நடிகரின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார் என்பதற்கு இது ஓர் உதாரணம். அந்தக் கட்டத்தில் கைவிடப்படும் நாடகங்கள் ரசிகர்களின் கண்ணுக்கே வருவதில்லை.

கடைசியில் 2022 ஏப்ரல் 24 அன்று, ஸ்ட்ரைசாண்டின் 80ஆவது பிறந்தநாளில், பீனி ஃபெல்ட்ஸ்டைன் நாயகியாக நாடகம் திறந்தது. சினிமாவில் நல்ல பெயர் எடுத்த, நகைச்சுவை இயல்பாக வரும் நடிகை அவர். ஆனால் இந்தப் பாத்திரம் கேட்கும் குரல் வேறு என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்கு அந்த நாடகத்திலிருந்து ஒரே ஒரு பரிந்துரைதான் வந்தது, அதுவும் துணை நடிகர் ஜாரெட் கிரைம்ஸுக்கு. கோடையில் வார வசூல் 10 லட்சம் டாலருக்குக் கீழே இறங்கியது. ஜூலை 31 அன்று ஃபெல்ட்ஸ்டைன் விலகினார். ஆகஸ்ட் முழுவதும், அதுவரை திரைக்குப் பின்னால் தயாராகக் காத்திருந்த ஜூலி பென்கோ ஆடினார். செப்டம்பரில் மிஷேல் வந்தார். அதன் பிறகு வார வசூல் 20 லட்சம் டாலரையும் தாண்டிப் போனது.

மிஷேலுக்கு மட்டும் ஏன் அந்தக் கூட்டம்? நன்றாகப் பாடுகிறவர் என்பது பாதி பதில். ‘க்ளீ’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த பெண், ஸ்ட்ரைசாண்டைக் கும்பிட்டு வளர்ந்து, கதைக்குள்ளேயே ‘ஃபன்னி கேர்ள்’ நாயகியாக ஆகிறாள். 2009 முதல் 2015 வரை ஓடிய தொடர் அது. பள்ளி வயதில் அதைப் பார்த்தவர்கள் 2022இல் சம்பாதிக்கும் வயதில் இருந்தார்கள். இத்தனை ஆண்டுக் காத்திருப்பை ஒரே டிக்கெட்டில் தீர்த்துக்கொள்ள வந்த கூட்டம் அது. விலையைத் தூக்கியது அந்தக் காத்திருப்பு.

இதைவிட நுட்பமான பாடம் ‘ஹலோ, டாலி!’ தருவது. ஜெர்ரி ஹெர்மன் இசையமைத்த அந்த நாடகத்தின் நாயகி வேடம் முதலில் அன்றைய பிராட்வே நட்சத்திரம் எதெல் மெர்மனை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவர் வேண்டாம் என்றார். 1964 ஜனவரியில் கேரல் சானிங் ஆடினார். பத்து டோனி விருதுகள் வந்தன. சானிங் போன பிறகு தயாரிப்பாளர் டேவிட் மெரிக் செய்ததுதான் இன்றைய வழக்கங்களுக்கு முன்னோடி: ஓட்டம் தளரும்போதெல்லாம் புதுப் பெயரை இறக்கினார். ஜிஞ்சர் ராஜர்ஸ், மார்த்தா ரே, பெட்டி கிரேபிள் என்று வந்தார்கள். 1967இல் குழுவையே மாற்றி, பேர்ல் பெய்லியும் கேப் காலோவேயும் தலைமை தாங்க, முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை மேடையேற்றினார். பார்த்தவர்களே திரும்ப வந்து பார்த்தார்கள். கடைசியாக 1970இல், முதலில் மறுத்த அதே மெர்மன் வந்தார். அவருக்காக எழுதப்பட்டு ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பாட்டுகளும் அவரோடு சேர்ந்து மேடைக்கு வந்தன. 2,844 காட்சிகளோடு அந்த நாடகம் நிறைவடைந்தபோது, பிராட்வேயில் அதுவரை அதிக நாள் ஓடிய மியூசிக்கல் அதுதான்.

2017இல் ஷூபர்ட் தியேட்டரில் அதே நாடகம் பெட் மிட்லரோடு திரும்பி வந்தது. 2016 செப்டம்பரில் முன்பதிவு திறந்த முதல் நாளிலேயே 90 லட்சம் டாலருக்கு மேல் விற்றது, ஒத்திகை தொடங்குவதற்கும் முன்னால். நல்ல இடத்து டிக்கெட்டின் விலை 748 டாலர் வரை போய், பிறகு அதையும் தாண்டியது. ஆனால் மிட்லர் வாரம் எட்டுக் காட்சியும் ஆடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் டோனா மர்ஃபி ஆடினார். மர்ஃபி யாரோ ஒரு கற்றுக்குட்டி இல்லை, சிறந்த நடிகைக்கான டோனி விருதை இரண்டு முறை வாங்கியவர். ஆனாலும் செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு. 2018 ஜனவரியில் மிட்லர் போக, பெர்னடெட் பீட்டர்ஸ் வந்தார். அவரும் இரண்டு டோனி பெற்றவர், மேடைக்காகவே வாழ்ந்தவர். வசூல் இறங்கத்தான் செய்தது. ஜூலையில் மிட்லர் கடைசி ஆறு வாரத்துக்குத் திரும்ப வந்ததும் மறுபடி ஏறியது.

ஆக, விலை அளப்பது நடிப்பின் தரத்தை அல்ல. மர்ஃபிக்கும் மிட்லருக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் திறமையில் இருந்த வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிராட்வேக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளியூர், வெளிநாட்டுப் பயணிகள். நாடகமே பார்க்காத வீட்டிலும் தெரிந்த பெயர் எது என்பதைத்தான் அந்த விலை அளக்கிறது. மிட்லரைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் தெரியும். மர்ஃபியை மேடை ரசிகனுக்குத்தான் தெரியும். இது தெரிந்த மேடை ரசிகனுக்கு ஒரு லாபம் உண்டு. அவன் மதிக்கும் கலைஞர் பெரும்பாலும் மலிவான நாளில்தான் ஆடுகிறார்.

ஒரே நாடகத்துக்குள் இவ்வளவு விலை வித்தியாசம் எப்போது வந்தது என்பதற்குத் தெளிவான தொடக்கம் உண்டு. 2001இல் ‘தி ப்ரொட்யூசர்ஸ்’ பெரும் வெற்றி. நல்ல டிக்கெட் 100 டாலர்தான், ஆனால் பிளாக்கில் அதைப் போலப் பல மடங்கு போயிற்று. அந்த லாபம் நாடகத்தை உருவாக்கியவர்களுக்கு வராமல் தெருவில் விற்பவருக்கு ஏன் போக வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். அந்த அக்டோபரில் ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் இடங்களை ஒதுக்கி 480 டாலர் என்று விலை வைத்தார்கள். ஊரே அதிர்ந்தது. இன்று எல்லாப் பெரிய நாடகத்துக்கும் இப்படி ‘பிரீமியம்’ இடங்கள் உண்டு, விமான டிக்கெட் மாதிரி விலை தினமும் மாறுகிறது. தயாரிப்பாளரின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பிளாக் ஒழிந்ததா என்றால் இல்லை. மறுவிற்பனைத் தளங்களில் இன்னும் தழைக்கிறது. கணினி நிரல் கொண்டு டிக்கெட்டை மொத்தமாக அள்ளுவதைத் தடுக்க அமெரிக்காவில் 2016 டிசம்பரில் சட்டமே போட வேண்டி வந்தது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. பிராட்வேயில் 41 தியேட்டர்கள்தான். வாரத்துக்கு எட்டுக் காட்சி. 1,200 இடம் என்றால் வாரத்துக்கு 9,600 டிக்கெட், அதற்கு மேல் ஒன்றுகூட அச்சடிக்க முடியாது. சினிமாவாக இருந்தால் இன்னும் நூறு தியேட்டரில் போடலாம். மேடையில் ஆளே இரண்டாக முடியாது. அந்தப் பெரிய பெயருக்கும் படப்பிடிப்புத் தேதிகள் காத்திருக்கும், அதனால் இருபது வாரமோ முப்பது வாரமோதான் ஒப்பந்தம். தியேட்டர் வாடகை, மேடைத் தொழிலாளர்கள், இசைக் கலைஞர்கள், விளம்பரம் என்று பெரிய மியூசிக்கலின் வாரச் செலவு பல லட்சம் டாலர். நட்சத்திரத்துக்குச் சம்பளத்தோடு வசூலில் பங்கும் போகும். போட்ட முதலை அந்த இருபது முப்பது வாரத்துக்குள் எடுக்க வேண்டும். இடத்தைக் கூட்ட முடியாது, நாளைக் கூட்ட முடியாது. கூட்டக்கூடியது விலை மட்டும்.

இதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் ‘ஜிப்சி’. மகள்களை மேடைக்கு ஏற்றியே தீருவேன் என்று அலையும் தாய் ரோஸின் வேடம், மியூசிக்கல் நடிகைகளுக்கு மலை உச்சி. மெர்மன் தொடங்கி ஏஞ்சலா லான்ஸ்பரி, டைன் டேலி, பெர்னடெட் பீட்டர்ஸ், பேட்டி லுபோன் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒருவரை அந்த உச்சிக்கு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அடுத்து யார் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுவார்கள். 2024 டிசம்பரில் மெஜஸ்டிக் தியேட்டரில் ஆட்ரா மெக்டொனால்ட் ரோஸாக வந்தார். ஆறு டோனி விருது பெற்றவர். பிராட்வேயில் அந்த வேடம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண். பொருத்தமான நடிகை, நல்ல விமர்சனங்கள், பெரிய அரங்கு, எதிலும் குறையில்லை. இருந்தும் அறிவித்த தேதிக்கு முன்பே, 2025 ஆகஸ்ட் 17இல், போட்ட முதலை எடுக்காமலேயே நாடகம் மூடியது. அந்தச் செய்தி எனக்கு உண்மையாகவே வலித்தது. ரசிகர்கள் பல ஆண்டுகளாக ஆசைப்பட்ட தேர்வு அது. அப்படி ஒன்றைச் செய்து காட்டியவர்கள் நஷ்டப்பட்டால், அடுத்த முறை முதலீட்டாளர் மேடைக்காரரைத் தேடுவாரா, தொலைக்காட்சி முகத்தைத் தேடுவாரா?

‘ஃபன்னி கேர்ள்’ ஓடிய அதே ஆகஸ்ட் வில்சன் தியேட்டரின் அடுத்த குடித்தனத்தையும் பாருங்கள். உள்ளே இடித்து, நடுவில் வட்ட மேடை வைத்து, பெர்லின் இரவு விடுதியாகவே மாற்றி, 2024இல் ‘கேபரே’ வந்தது. சினிமா நட்சத்திரம் எடி ரெட்மெய்ன் நடித்தவரை வசூல் குவிந்தது. அவர் செப்டம்பரில் போனதும் சரிவு தொடங்கியது. அடுத்தடுத்து நல்ல நடிகர்கள் வந்தும் அதை முழுதாக மீட்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் முடிந்துவிட்டது. தொடக்கத்தில் வைத்த பெயர் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய பள்ளம் பின்னால் வருகிறவருக்கு.

இந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பித்தது ‘சிகாகோ’. 1996 நவம்பரில் திறந்த மறுமேடையேற்றம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு கச்சேரி வடிவ நிகழ்ச்சியாகத் தொடங்கியது. அதனால் பெரிய செட் கிடையாது, வாத்தியக் குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும், உடைகள் கறுப்பு. வாரச் செலவு குறைவு. நடுநடுவே சில வாரங்களுக்கு ஒரு சினிமா முகத்தையோ தொலைக்காட்சி முகத்தையோ கொண்டுவந்து கூட்டத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அவர் போன பிறகும் வண்டி ஓடும். பெயர் அங்கே ஊறுகாய், சோறு வேறு.

சரி, 748 டாலர் இல்லாதவர் என்ன செய்வது? முதலில் ஒரு விஷயம்: தலைப்புச் செய்தியில் வரும் விலை எல்லா நாற்காலிக்கும் உள்ள விலை இல்லை. 2024–25 பருவத்தில் பிராட்வேயின் மொத்த வசூல் ஏறக்குறைய 189 கோடி டாலர், வந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு தலைக்கு 129 டாலர் அளவில் வரும். அதுவும் சின்னத் தொகை இல்லை. என்றாலும் பயந்து ஒதுங்கும் அளவுக்கு இல்லை.

மலிவான வழிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. டைம்ஸ் ஸ்கொயரில் 1973 முதல் இருக்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய நாடகத்துக்கு அன்றைக்கே தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும். 1996இல் ‘ரென்ட்’ முதல் இரண்டு வரிசையை 20 டாலருக்குக் கொடுத்தது. வறுமையில் வாழும் இளைஞர்களின் கதையை அந்த இளைஞர்களே பார்க்க முடியாமல் போகக் கூடாது என்பது எண்ணம். அதற்காக ரசிகர்கள் இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். பாதுகாப்பு கருதி அது பின்னர் குலுக்கலாக மாறியது. ‘ஹாமில்டன்’ 2016இல் சிறந்த இடங்களை 849 டாலருக்கு ஏற்றியபோது, 10 டாலர் குலுக்கல் இடங்களை ஒரு காட்சிக்கு 21இலிருந்து 46 ஆக்கியது. பணக்காரர் கொடுக்கும் காசில் ஏழை உட்காரும் ஏற்பாடு என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் நடுவில் இருப்பவர், குலுக்கலில் அதிர்ஷ்டமும் இல்லாமல் 849 டாலரும் இல்லாமல் இருக்கும் ஆசிரியரோ செவிலியரோ, எங்கே உட்காருவார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. என் கவலை அவரைப் பற்றித்தான். மியூசிக்கலை நூறாண்டாகத் தாங்கிப் பிடித்தவர் அவர்.

காத்திருக்கலாமா, உடனே வாங்கலாமா என்பதற்கு நான் சொல்லும் பதில் இதுதான். ஊரெல்லாம் தெரிந்த பெயர், குறைந்த வாரங்கள், சின்னத் தியேட்டர் என்று மூன்றும் சேர்ந்தால் முதல் நாளே வாங்கிவிடுங்கள், அது இறங்காது. 2023இல் ஹட்சன் தியேட்டரில் வந்த ‘மெரிலி வி ரோல் அலாங்’ அப்படிப்பட்டது. 1981இல் பதினாறே காட்சியில் படுத்த நாடகம், ‘ஹாரி பாட்டர்’ படங்களின் நாயகன் டேனியல் ராட்கிளிஃபும் ஜோனதன் கிராஃபும் லிண்ட்ஸே மென்டெஸும் நடிக்க, முடியும் நாள்வரை விலை இறங்காமல் போனது. அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருக்கலாம். ஜனவரி பிப்ரவரிக் குளிரில் பயணிகள் குறைவார்கள், நல்ல நாடகமும் தள்ளுபடிக்கு வரும். எந்தக் கிழமையில் மாற்று நடிகர் ஆடுகிறார் என்றும் பாருங்கள். மிஷேல் இருந்த காலம் முழுக்க, ‘ஃபன்னி கேர்ள்’ வியாழக்கிழமைகள் ஜூலி பென்கோவுடையவை. அன்றைக்கு வந்தவர்கள் ஏமாந்து வந்தவர்கள் அல்ல, தெரிந்தே அவரைத் தேடி வந்தவர்கள். துண்டுச் சீட்டில் வர வேண்டிய பெயர், வாரத்தில் ஒரு நாள் தன் பெயரிலேயே டிக்கெட் விற்றது.

2025 கோடையில் லண்டன் பல்லேடியம் தியேட்டரில், அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஈவா பெரோனின் கதையான ‘எவிடா’ திரும்ப வந்தபோது இந்த விஷயம் தெருவுக்கே வந்துவிட்டது. சினிமா நடிகை ரேச்சல் ஜெக்லர் எவிடாவாக நடித்தார். அர்ஜென்டினா மக்களைப் பார்த்து நாயகி பாடும் பெயர்பெற்ற பாட்டை, இயக்குநர் ஜேமி லாய்ட் அரங்குக்குள் வைக்கவில்லை. ஜெக்லர் தியேட்டரின் வெளிமாடத்துக்கு வந்து, கீழே ஆர்கைல் தெருவில் நிற்பவர்களைப் பார்த்துப் பாடினார். உள்ளே 200 பவுண்டுக்கு மேல் கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள். பணம் கொடுத்த எங்களுக்குத் திரை, கொடுக்காதவர்களுக்கு நேரிலா என்று சிலர் கோபப்பட்டார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அந்தப் பாட்டு வரும் நேரத்துக்கு, கடையில் வேலை முடித்தவர்கள், மாணவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். நாடகத்தில் எவிடாவைப் பார்க்க வரும் சட்டையில்லாத ஏழை மக்களின் வேடம் அன்றன்று அவர்களுக்குக் கிடைத்தது. உள்ளே இருந்த திரையில் அவர்களுடைய முகங்களும் தெரிந்தன.